பி சைடின் வேகம்

இருபத்தைந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டியதை, நீ போய் இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதிலும் உன் சாமர்த்தியம் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டம்மா எடப்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி நாமக்கல்லில் என் வீட்டுக்கு வந்தார். மடியில் துண்டில் சுற்றிய உன் டேப்ரெக்கார்டர். "இது உங்ககிட்டத்தான் இருக்கோணும்னு சொல்லிட்டுப் போனாருங்கண்ணா" என்றார். காப்பியைக் குடித்து முடித்த பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். "அவரு மேல மனசுல ஒண்ணுமில்லைன்னு ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்கண்ணா. படத்துக்கு முன்னால வெச்சறேன். கடைசி வரைக்கும் அந்த ஒண்ணுதான் அவருக்குக் கொறையா இருந்துச்சு."

"பார்க்கலாம்மா" என்றேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்ததால் டேப்ரெக்கார்டரைத் திருப்பி, பின்பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒழுகிக் காய்ந்த பேட்டரி செல்களின் வாடை, துருவும் புளிப்பும் கலந்தது. அந்த வாடை என்னை உன் தறிக்கூடத்துக்கே கொண்டுபோய் விட்டது.

உங்கள் வீட்டில் எட்டுத் தறி. பவர்லூம் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பேச்சு கேட்காது. கரண்ட் போனால்தான் நமக்குக் கச்சேரி. எட்டும் ஒரே அடியில் நிற்கும், தெருவே அடங்கும். நீ ஆறு பெரிய செல் போட்ட டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "வாடா, ஸ்பெயின்காரர் வந்துட்டாரு" என்பாய். உன் அப்பா வாசலில் நின்று சிரிப்பார். "கரண்ட் போனா ஊர்ல எல்லாரும் ஈபிக்காரனத் திட்டறான். இவனுக ரெண்டு பேரும் கும்புடறானுகப்பா." தறி ஓட்டிய அக்கா ஒருத்தர் ஒரு நாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல பாட்டு எப்பங்க வரும்?" என்று கேட்டதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன்னை நினைத்துச் சிரிக்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

சேலம் நடைபாதைக் கடையில் நீ வாங்கிய ஒரே ஒரு கேசட். அந்த ஸ்பெயின் நாட்டுப் பியானோக் கலைஞரின் பெயரை நாம் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. ஆனால் அவர் வாழ்க்கை நமக்கு மனப்பாடம். கேசட் அட்டையில் இருந்ததும், சேலம் நூலகத்தில் நான் தேடிப் படித்ததும். துறைமுக ஊரில் பீப்பாய் செய்பவரின் மகன். தேவாலயத்தில் பழுதாகிக் கிடந்த வாத்தியத்தில் கை பழகியவர். ஒன்பது வயதில் முதல் மேடை. நாட்டில் சண்டை வந்தபோது தாயோடு கப்பலேறியவர். பிறகு நாற்பது வருடம் உலகத்தின் பெரிய அரங்குகளெல்லாம் அவருக்காக நிரம்பின. எங்கே போனாலும் தன் சொந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டுதான் போவார். "தறிக்காரன் மாதிரிடா. அடுத்தவன் பலகையில உக்காந்தா கை ஓடாது" என்று நீ சொன்னாய்.

ஒரே நாட்டிய இசைத் தொகுப்பை அவர் இரண்டு முறை பதிவு செய்திருந்தார். ஏ சைடில் இளமையில் வாசித்தது. பி சைடில் அறுபது வயதில், மனைவி இறந்த மூன்றாம் மாதம் வாசித்தது. ஏ சைடில் குதித்த கை பி சைடில் நடந்தது. சுருதியும் அரைக்கட்டை இறங்கியிருந்தது. நம்மூர்ப் பாடகர்கள் வயதானால் சுருதியை இறக்கிப் பாடுகிறார்கள், இவரும் அப்படித்தான் என்று நாம் முடிவு கட்டினோம். நம்மில் யாரும் அதுவரை ஒரு பியானோவைக் கண்ணால் கண்டதில்லை. எப்போதும் ஏ சைடை முதலில் போடுகிறோம், பி சைடுக்கு வரும்போது செல் தளர்ந்து டேப் மெதுவாகிவிடுகிறது என்பது எம்.ஏ. படித்த எனக்கும் தோன்றவில்லை.

அந்த மழைக்காலத்தில் என் அம்மா இறந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. பதினோராம் நாள் உன் தறிக்கூடத்தில் பி சைடைக் கேட்டேன். யாரோ ஒருவர் கூடத்தைக் கடந்து மெல்ல நடந்து போவது போல இருந்தது. வீட்டுக்குப் போய் நான்கே நாளில் கட்டுரையை எழுதினேன். துக்கம் ஒரு மேதையின் கையை எப்படி மாற்றியது என்பதுதான் பொருள். கீழே நம் இருவர் பெயரும்.

மறுநாள் மதியம் நீ சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்து என் வீட்டுக்கு வந்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் உன் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கட்டுரையைப் படித்தேன். பாதியில் குரல் உடைந்தது. அம்மா போனதற்கு அப்போதுதான் முதல் முறையாக அழுதேன். நீ என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாய். "என்னமோ சொல்ல வந்தியே?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றாய். சைக்கிளில் ஏறும்போது மட்டும் திரும்பி, "என் பேர எடுத்துருடா. எழுதுனது பூரா நீதான" என்றாய். அதைப் பெருந்தன்மை என்று நம்பினேன்.

கட்டுரை சிற்றிதழில் வந்தது. சேலத்தில் ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். நான் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்த கல்லூரியின் துறைத்தலைவர்தான் தலைமை. கரண்ட் போன நேரத்தில் செல் போட்டுக் கேட்ட கதையையும் சேர்த்துப் பேசி முடித்ததும், பியானோ கற்றுத் தருபவர் என்று சொல்லிக்கொண்டு சென்னைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"சார், பியானோல சுருதிய எப்படி சார் எறக்கறது? உள்ள இருக்கற அத்தன கம்பியையும் தளத்தணும். மனுஷன் ஸ்பானரோட உக்காந்திருந்தாரா?"

சிரிப்பு. அவர் விடவில்லை.

"நீங்க கேட்டது ஸ்பெயின்காரர இல்ல சார், தீந்துபோன பேட்டரிய."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் உன்னைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த முகத்தில் வருத்தம் இருந்தது, அதிர்ச்சி இல்லை. உனக்கு முன்பே தெரியுமோ என்ற சந்தேகம் அங்கேதான் பிறந்தது.

வேலை வேறொருவருக்குப் போனது. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. வேறு காரணத்தை நானும் தேடவில்லை. நாமக்கல்லில் டுடோரியல் வாத்தியாராக ஒதுங்கினேன். அங்கேயும் 'செல்லு சார்' என்ற பெயர் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நீ இரண்டு முறை தேடி வந்தாய். வீட்டில் இல்லை என்று உள்ளே இருந்துகொண்டே சொல்லச் சொன்னேன். அதன் பிறகு கல்யாண வீடுகளில் "சாப்பிட்டாச்சா?" என்பதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கழற்றிய மூடியின் உட்புறம் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. தறியில் பாவு நூல் ஏற்றிய நாளைச் சுவரில் குறித்து வைப்பாயே, அதே பழக்கம். செல் மாற்றிய நாட்களைப் பென்சிலால் வரிசையாக எழுதியிருக்கிறாய். ஒரு தேதிக்குப் பக்கத்தில் மட்டும் கூடுதலாக இருந்தது: 'புது செல். பி சைடு முதலில். வேகம் ஒன்றே.' அது என் அம்மாவின் பதினாறாம் நாள். நீ சைக்கிளில் வந்த நாள்.

மூடியை உன் வீட்டம்மாவிடம் நீட்டினேன். "இது உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுங்கண்ணா. அதச் சொல்லத்தான் அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வந்தாரு. திரும்பி வந்து சோறு உங்கல. 'அம்மா செத்து இப்பத்தான் அழுகறான். அவங்கிட்டப் போயி, செல்லு தீந்துபோச்சுடான்னு எப்பிடிச் சொல்லறது?'ன்னாரு."

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். பின்னாளில் யாராவது சேர்த்து எழுதியிருக்கலாம் அல்லவா? இல்லை. முன்வரியும் பின்வரியும் அதே பென்சில், உன் அதே சாய்ந்த எழுத்து. செத்தவன் குறிப்பைச் சோதித்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன், அதற்கும் உன்னைத்தான் குறை சொல்வேன்.

சரி, இரக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அன்று சொல்ல முடியவில்லை. கட்டுரை அச்சாக மூன்று மாதம் ஆனது. மூன்று மாதமும் நான் அழுதுகொண்டேவா இருந்தேன்? இரக்கப்பட்டவன் தன் பெயரை மட்டும் ஏன் உருவிக்கொண்டான்? இந்தக் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. பொய்யில் கையெழுத்துப் போட உனக்கு மனம் வரவில்லை என்று உன் வீட்டம்மா சொல்லக்கூடும். என்னைப் போடவிட்டாயே.

அந்த ஸ்பெயின்காரர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பல வருடம் கழித்து போனில் அந்தப் பதிவைத் தேடிக் கேட்டேன். மனைவியைப் புதைத்த மூன்றாம் மாதம் அந்த மனிதர் இளமையில் வாசித்த அதே வேகத்தில்தான் வாசித்திருக்கிறார். கல்நெஞ்சமா, அல்லது கொஞ்சம் மெதுவாக்கினாலும் முடிக்க முடியாமல் போய்விடும் என்ற பயமா, தெரியவில்லை. எழுத வேண்டிய கட்டுரை அதுதான். அதை எழுதும் வயதில் நான் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

நேற்றுத் துருவைச் சுரண்டிவிட்டுப் புது செல் போட்டேன். உள்ளேயே கிடந்த நம் கேசட்டின் பி சைடு நன்றாகவே ஓடியது. பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த பி சைடு அதுவல்ல. கரண்ட் போன மதியத்தில், எட்டுத் தறிக்கு நடுவில், அரைக்கட்டை இறங்கி நடந்து போனதே, அதுதான் என் காதில் இருக்கிறது. அதை எந்த மேதையும் வாசிக்கவில்லை. ஆறு செல் செத்துக்கொண்டே வாசித்தது. என் அம்மாவுக்காக நான் அழுதது அதனால்தான். சென்னைக்காரரால் அதைப் பிடுங்க முடியவில்லை. நீயும் பிடுங்கவில்லை என்பதை எழுதித்தான் ஆகவேண்டும்.

உன் வீட்டம்மா கேட்டது ஒரு வரி. நான் இவ்வளவு எழுதியும் அந்த வரி வரவில்லை. கையெழுத்துப் போட்டால் அதை எழுதிவிட்டதாக ஆகிவிடும். என் கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுத்துக்கொண்டாய். இதிலிருந்து என் பெயரை நான் எடுத்துக்கொள்கிறேன். உறையில் உன் விலாசம் மட்டும் இருக்கும். படத்துக்கு முன்னால் வைப்பதா, அடுப்பில் போடுவதா என்று உன் வீட்டம்மா படித்துவிட்டு முடிவு செய்யட்டும். காலையில் டுடோரியலுக்குப் போகிற வழியில், பெயரில்லாமலே தபாலில் போட்டுவிடுகிறேன்.