கெட்டதை நோக்கிப் போன புழுக்கள்

10 பிப்ரவரி 2025
எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக, கரியாலூரில் அழுகிக் கிடந்த வாழைத்தண்டிலிருந்து எடுத்து வளர்த்த நூற்புழுக்கள் இன்று என் மானத்தை வாங்கிவிட்டன. தட்டின் ஒரு பக்கம் அவை வழக்கமாகத் தின்னும் பாக்டீரியா, மறுபக்கம் அவற்றுக்கு நோய் தரும் பாக்டீரியா. மூக்கு இல்லாவிட்டாலும் வாசனை பிடிப்பதில் கெட்டி, நல்லதற்குத்தான் போகும் என்று நினைத்தேன். கூட்டமாகக் கெட்டதற்குப் போயின.

கைடு அன்புச்செல்வன் சார் பார்த்தார். "லேபிள மாத்தி ஒட்டியிருப்பம்மா. எதுனா விஷத்தத் தேடிக்கினு போவுமா?"

14 பிப்ரவரி
மறுபடி செய்தேன். அதேதான். நான்தான் மாற்றி வைக்கிறேனா? இல்லை. இல்லவே இல்லை.

19 பிப்ரவரி
காலையில் கொஞ்சம் புழுக்களைக் கெட்ட பாக்டீரியாவிலேயே மேயவிட்டேன். மதியத்துக்கு மேல் புதுத் தட்டில் விட்டால் — அந்தப் பக்கம் திரும்பவேயில்லை! முதலில் வாசனையில் மயங்குகிறது, தின்று நோயில் விழுகிறது, பிறகு அந்த வாசனையே ஆகாது. கெட்டுப்போன மீன் குழம்பைத் தின்று வாந்தியெடுத்த எனக்கு இது புரியாதா?

சாரிடம் ஓடினேன். "மொதல்லயே ஒதுங்குச்சுனு எழுது, சைன் போடறேன்" என்றார்.

20 பிப்ரவரி
கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பஸ் ஊர்ந்ததில் கோபப்பட நிறைய நேரம் கிடைத்தது. வீட்டில் அம்மாவும் அதே பாட்டு. "அவரு சொல்றத எழுதிக் குடுத்துட்டு வாயேன் பிரின்சி. மார்க்கு அவரு கையிலதான இருக்குது?"

இருக்கட்டும். பார்க்காததை எழுத எனக்குக் கை வராது. ஃபெயில் ஆனால் ஆகிறேன்.

24 பிப்ரவரி
கேட்டேவிட்டேன். "நீங்களே தட்டுல வைங்க சார். எந்தப் பக்கம் எது, எந்தப் புழு முன்னாடியே கெட்டதத் தின்னது, எதையும் எங்கிட்ட சொல்லாதீங்க. நான் எண்ணி மட்டும் தர்றேன்."

முறைத்தார். ஆனாலும் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரே வைத்தார்.

25 பிப்ரவரி
நேற்றே ஒரு மணி நேரத்தில் எண்ணிக் குறித்ததை இன்று கொடுத்தேன். தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். என்ன மனிதர்!

9 ஏப்ரல்
இன்று வைவா. பார்த்ததை அப்படியேதான் எழுதியிருந்தேன். சார் நேற்றுதான் கையெழுத்துப் போட்டார்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம் புரட்டிவிட்டுச் சிரித்தார். "லேபிளை மாத்திட்டீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்து நின்றார்.

"தட்டுல வச்சது நான்தாங்க மேடம். எது எதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாது."