மருந்து இருக்கிறதா, எடுத்துக்கொள்கிறீர்களா

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வரும் வரும் என்று மூன்று நாளாகச் சொல்கிறார்கள். சிம்பாங் பூலாய் தாண்டும்வரை கல்லுடைக்கும் தூசி, கார் கண்ணாடி பூராவும் மாவு.

பையில்: படிவம் ஐந்து கட்டு. பிரஷர் மெஷின். சர்க்கரை பார்க்கும் ஊசி. எச்சில் பிடிக்கும் குப்பி, ஆளுக்கு மூன்று. தூக்கம் அளக்கும் கைக்கடிகாரம். ஒலிப்பதிவுக் கருவி. பிஸ்கட். பிஸ்கட் எனக்கு.

பெரிய ஆராய்ச்சி இது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த தமிழர்களின் உடம்பையும் மனசையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதாம். நாலு துறைப் பேராசிரியர்கள், நாலு பேருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. நான் வைத்திருக்கும் பெயர்கள்: ரத்தம், தூக்கம், மனசு, கணக்கு. கணக்குதான் தலைவர். வீடு வீடாகப் போவது நான் ஒருத்தி.

இன்று 147வது ஆள். மாரிமுத்து அண்ணன், வயது 61. பிறந்தது பால்மரத் தோட்டத்தில். தோட்டத்தை விற்றதும் எதிரிலேயே கட்டிக்கொடுத்த மலிவு வீட்டுக்கு வந்தவர். முன்பு மருந்தடிக்கும் வேலை, இப்போது ஒரு கிடங்கில் ஜாகா, காவலாளி. மனைவி தவறி இரண்டு வருஷம். மகள் ஜொகூரில். தனி ஆள் வீடு மாதிரியே இல்லை, அவ்வளவு சுத்தம். யூனிபார்ம் இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கியது. பக்கத்து வீட்டுத் தீபாவளி முறுக்கு டின்னை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் ஒன்றும் தொடவில்லை.

"மிஸ்ஸி, கைய நீட்டவா?"

"நான் ஆஸ்பத்திரி மிஸ்ஸி இல்லண்ணே. யுனிவர்சிட்டிலேர்ந்து வாரேன்."

"ஊசி குத்துறீங்க, பிரஷர் பாக்குறீங்க. அப்ப மிஸ்ஸிதான்லா."

பிரஷர் ஏகத்துக்கும் ஏறிக்கிடக்கிறது. மனசுக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. சாவைப் பற்றிய எண்ணம்? இல்லை. மருந்து வீட்டில் இருக்கு, எடுப்பதில்லை. வழக்கமான ஆம்பளை. கொஞ்சம் அதட்டிவிட்டு வந்தேன். 40 நிமிடத்தில் முடிந்தது, இந்த மாதத்தில் இதுதான் வேகம்.

திரும்பும் வழியில் கெயிலான் கீரை, முட்டை. முட்டை இரண்டு உடைந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

மழை. துணி காயவில்லை. முட்டி வலி.

கணினித் திரையில் கூட்டம். ரத்தம் சொல்கிறார், எச்சிலில் உள்ள சுரப்பு காலையும் மாலையும் ஒரே அளவில் கிடக்கிறது, இவர்கள் உடம்பு களைத்துப்போய்விட்டது என்று. தூக்கம் சொல்கிறார், கடிகாரத்தைச் சரியாகக் கட்டாததால் வந்த கோளாறு. மனசு சொல்கிறார், கேள்விகளுக்கு வந்த பதிலைப் பார்த்தால் இவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். கணக்கு சொன்னார், ஒத்துப்போகாததை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு பாராட்டு கிடைத்தது. தமிழ்ப் படிவம் தெளிவாக இருக்கிறதாம். மலாயிலிருந்து மாற்றியது நான். திரும்ப மலாய்க்கு மாற்றிச் சரிபார்த்தது ஈப்போவில் ஓய்வில் இருக்கும் மாஸ்டர் ஒருவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். "நல்ல தமிழ், பிள்ளை. கை வைக்க ஒண்டுமில்லை" என்றார். அன்றைக்குப் பூராவும் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மத்தியானம். மறப்பதற்குள் எழுதுகிறேன்.

147ன் ஒலிப்பதிவைத் தாளில் இறக்கிக்கொண்டிருந்தேன். பதினான்காம் கேள்வி.

என் குரல்: "மருந்து இருக்காண்ணே?"

வெளியே கோழி. பிறகு அவர்: "இருக்கு. பின்னால."

"எடுக்கிறீங்களா?"

"இன்னும் இல்ல."

"தள்ளிப் போடாதீங்கண்ணே. வீட்டுல வச்சிக்கிட்டே குடிக்காம இருந்தா என்ன அர்த்தம்? ஒழுங்கா குடிங்க."

"சரி மிஸ்ஸி."

மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம்தான் உறைத்தது. அந்த "இன்னும்".

மலாய்க்காரனுக்கு உபாட் வேறு, ராச்சுன் வேறு. நோய்க்குக் குடிப்பது ஒன்று, புல்லைச் சாகடிக்க அடிப்பது ஒன்று. தோட்டத்தில் நமக்கு இரண்டும் மருந்து. மருந்து டாங்கி, மருந்து ஸ்டோர், மருந்தடிக்கிற பொம்பளைங்க. என் அப்பாவே மருந்து மண்டோர், அந்த ஆட்களுக்கு மேல் ஆள். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்கா மருந்து குடிச்சிட்டாங்க என்று பெரியவர்கள் குரலை இறக்கிப் பேசினார்கள். என்ன மருந்து என்று எங்கள் வரிசையில் ஒரு குழந்தைகூடக் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

அந்த வரிசையில் வளர்ந்தவள் போய் அந்தக் கேள்வியை எழுதியிருக்கிறேன். தப்பே இல்லாத தமிழ். மாஸ்டர் அதைத் திருப்பினார், உபாட் என்று சரியாக வந்தது.

பிரஷர் மாத்திரை அவருக்கு யாரும் கொடுத்ததே இல்லை. பத்தாம் கேள்வியில் சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆச்சு என்று. நானே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து. அப்புறமும் கேட்கவில்லையே. கழுதை. சனியன்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஏழு தரம். கணக்குக்கு அடித்தேன். படிவத்தின்படி அவருக்கு ஆபத்து இல்லை, மனசுக் கேள்விகளில் பூஜ்யம் என்றார். சம்பவ அறிக்கை எழுதச் சொன்னார், திங்கட்கிழமை ஆலோசகரை அனுப்பலாமாம்.

மணி மூன்றரை. கிளம்புகிறேன்.

நவம்பர் 8, சனி

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வழியெல்லாம் மழை. வீடு பூட்டிக்கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்தார்.

"மாரியண்ணனா? காலையிலேயே ஜாகா வேலைக்குப் போயிட்டாருலா. ஆறு மணிக்கு வந்திருவாரு. என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

உயிரோடு இருக்கிறார். வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பால் இல்லாத தே ஓ கொடுத்தார், குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

ஆறேகாலுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நின்றார்.

"என்னா மிஸ்ஸி, இன்னிக்கும் ரத்தமா?"

"மருந்து இருக்குன்னீங்களேண்ணே. அது என்ன மருந்து?"

"என்னா மருந்துன்னா? புல்லுக்கு அடிக்கிறதுதான். அன்னிக்கே கேட்டீங்கல்ல."

உள்ளே போனோம். பயிற்சியில் நேரடியாகக் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்டேன், சாகணும்னு இருக்காண்ணே என்று. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஈரச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் விரித்துப் போட்டார்.

"அந்தத் தாள்ல எண்ணம் இருக்கான்னு கேட்டீங்க. எண்ணம் கிண்ணம்லாம் ஒன்னும் இல்ல மிஸ்ஸி. மருந்து இருக்கு. அவ்வளவுதான். அவ போனதுலேர்ந்து இருக்கு."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? நீங்கதான் கேட்டீங்க. நான் சொன்னேன்."

அப்புறம் அவர்தான் கேட்டார், சண்டைக்கு இல்லை, சும்மா தெரிந்துகொள்ளும் குரலில்.

"அன்னிக்கு ஒழுங்கா குடிங்கன்னீங்களே. தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"இல்லண்ணே. தெரியாம சொல்லிட்டேன். பிரஷர் மாத்திரைன்னு நெனச்சிட்டேன்."

"ஓ."

நாற்காலியில் கிடந்த ஈரச் சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன். பாத்ததுமே இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிருச்சின்னு. ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கேன்னு இருந்துச்சு. சரி, உடுங்க."

அழுதேன். ஆராய்ச்சிக்காரி அழக்கூடாது. அவரே எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அவமானம் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன், "போலாம்" என்றார், கடைக்குக் கூப்பிட்டமாதிரி. வீட்டின் பின்னால் இருந்ததைப் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் எடுத்துப் பத்திரம் செய்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு வருசமா முறுக்கு குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

படுக்கை கிடைத்தது. மகளுக்குச் சொல்லியாயிற்று, இன்று பஸ்ஸில் வருகிறாள். காலையில் போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். கையில் எங்கள் கடிகாரம் இன்னும் இருக்கிறது. கழற்றவில்லை.

காப்பாற்றிவிட்டோம் என்று என் மனசு ஒரு பக்கம் சொல்லிப் பார்த்தது. சும்மா இரு என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். மூன்று நாள் துணி ஒரே நாளில் காய்ந்தது.

கூட்டம். அறிக்கை வாசித்தேன். பிறகு:

ரத்தம்: 147ன் எச்சில் மாதிரியைச் சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா?

தூக்கம்: ஆஸ்பத்திரியில் தூங்கியது தூக்கக் கணக்கில் வராது, கடிகாரத்தைத் திரும்ப வாங்கவேண்டும்.

மனசு கொஞ்சம் கண் கலங்கினார், நிஜமாகவே. பிறகு, இது முக்கியமான கண்டுபிடிப்பு, தனிக் கட்டுரைக்கு ஆகும் என்றார்.

கணக்கு: ஆய்வின் நடுவில் கேள்வியின் வாசகத்தை மாற்ற முடியாது. முன்னால் கேட்டதும் பின்னால் கேட்டதும் வேறு வேறாகிவிடும், ஒப்பிட முடியாது. நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவோம், பதில் வரும்வரை இப்படியே கேளுங்கள்.

நான் கேட்க மாட்டேன் என்றேன். அப்படியானால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். நாலு பேருமே நல்ல மனிதர்கள். நல்லவர்கள் நாலு பேர் நாலு ஜன்னல் வழியாக ஒரு வீட்டைப் பார்க்கிறார்கள். வாசல் வழியாக உள்ளே போனது நான். போய் என்ன செய்தேன்?

மாரியண்ணனின் மகள் போன் செய்தாள். நன்றிக்கா என்றாள். தயவுசெய்து நன்றி சொல்லாதே என்றேன், அவளுக்குப் புரியவில்லை. அப்பா சோறு சாப்பிட்டாராம், பாதி.

கெயிலான் அழுகிப்போய்த் தூக்கி எறிந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

காலை பத்து மணி. மேகமூட்டம். விடுப்பு சொல்லிவிட்டேன்.

விடியற்காலையில் படுக்கையில் கிடக்கும்போதுதான் தோன்றியது. 147க்கு முன்னால் 146 பேர். மாரியண்ணனுக்கு மட்டுமா அதைச் சொன்னேன்? மருந்து இருக்கிறது, எடுப்பதில்லை என்று சொன்ன எல்லாருக்கும் அதே அதட்டல்தான். தள்ளிப் போடாதீங்க. ஒழுங்கா குடிங்க. என் சொந்தச் சரக்கு அது, படிவத்தில் கிடையாது. நல்லது செய்வதாக நினைப்பு.

படிவங்களைத் தரையில் பரப்பினேன். பதினான்காம் கட்டத்தில் அப்படி டிக் போட்டதைத் தனியாக எடுத்து அடுக்கினேன். பெரும்பாலும் மாத்திரைதான் இருக்கும். இருக்கவேண்டும். போன் எண் எல்லாவற்றிலும் இருக்கிறது.

முதல் எண். தஞ்சோங் மாலிம் பக்கம், ஒரு அம்மா. "குடிக்கிறேம்மா, நீங்க ஏசிட்டுப் போனதுலேர்ந்து ஒரு நாள் தவறல. இப்ப சீனி எறங்கியிருக்கு." எந்த மருந்தும்மா? "என்னா கேள்வி இது, சீனி மாத்திரைதான்." சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், ஐந்து நாளில் முதல் தரம்.

இரண்டாவது. எண் பயன்பாட்டில் இல்லை. ஓரத்தில் குறித்தேன்.

மூன்றாவது. பிரஷர். இன்னும் எடுப்பதில்லையாம். பரவாயில்லைண்ணே, பரவாயில்லை என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

நான்காவது. பாகான் டத்தோ, தென்னந்தோப்புக்கு நடுவில் பலகை வீடு, போன வருஷம் ரப்பர் தோட்டத்திலிருந்து அங்கே குடிபோன பெரியவர். வழி தவறி இரண்டு தரம் சுற்றினேன், வீடு ஞாபகம் இருக்கிறது, ஆள் முகம் ஞாபகம் இல்லை. மருமகள் எடுத்தாள்.

"மாமாவா? மாமா இல்லக்கா. ஆகஸ்ட்டுலயே தவறிட்டாரு."

என்ன ஆச்சும்மா என்று கேட்டேன். பின்னால் டிவி சத்தம், யாரையோ குறைக்கச் சொன்னாள்.

"மருந்து குடிச்சிட்டாருக்கா," என்றாள், குரலை இறக்கி.

எந்தத் தேதி என்று கேட்டேன். சொன்னாள். படிவத்தின் மேல் மூலையைப் பார்த்தேன். நான் போய் வந்ததற்கு மூன்றாம் நாள்.