தட்டிட்டு நின்னாங்க

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

காலடிப்பேட்டை ரூமுக்கு வந்து இன்னும் ஒரு வாரம் ஆவல. எங்கள இங்க கொண்டாந்து வெச்ச காப்பகத்துக்காரங்க மூணு மாசம் வாடகை கட்டுறாங்க. அப்பால நானும் பொண்ணும்தான் பாத்துக்கணும். அத இப்ப நெனைக்கல.

காலைல முழிச்சதும் பழக்கதோஷத்துல பாய், சட்டி, துணி எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கினு வாசல்ல குந்திட்டேன். யானைக்கவுனி பிளாட்பாரத்துல படுத்திருந்தப்ப, கடை தொறக்கறதுக்குள்ள எழுந்துடணும், இல்லன்னா கடைக்காரர் மேல தண்ணி ஊத்துவாரு. மாடிலேர்ந்து எறங்கி வந்த வூட்டுக்கார அம்மா மூட்டையப் பாத்துட்டு, "இன்னாம்மா, காலி பண்றியா?"ன்னாங்க. "இல்லக்கா, ரூம கழுவப் போறேன்"னு சொல்லி, நெசமாவே கழுவி வுட்டேன்.

சாயந்திரம் குழாய்ல தண்ணி வருதுன்னு சொல்ல அவங்க மறுபடி வந்தாங்க. கதவு சும்மா சாத்திதான் இருந்துச்சு, தள்ளிக்கினு வந்திருக்கலாம். தட்டிட்டு வெளிய நின்னாங்க. இத்தினி வருசமா பிளாட்பாரத்துல யார் வந்தாலும் எங்கள காலால எத்திதான் எழுப்புவாங்க.

நான் பதறிக்கினு ஓடல. குந்தின எடத்துலேர்ந்தே, "யாரு?"ன்னு கேட்டேன்.