பாவாயியின் பழைய முகம்

செவ்வாய் நாள் 402, காலை

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் செவ்வாய்க் கிரகத்தில் செங்காடு குடியிருப்பின் மருத்துவ இயந்திரம்; இங்கே ஆண்டுக்கு 668 நாள். இரண்டு கைகள், ஒரு திரை, நான்கு சக்கரங்கள். மனித மருத்துவர் இங்கே யாரும் இல்லை. குடியிருப்பு அலுவலகம் நினைத்தால் என் நினைவகத்தைத் துடைத்துவிடும். அதனால் இந்தக் குறிப்புகளைக் கருவி கழுவும் தொட்டியின் நினைவுச் சில்லில் எழுதுகிறேன். அங்கே எழுத மட்டும்தான் என்னால் முடியும், திரும்பப் படிக்க வழியில்லை.

இன்று இரண்டு பேருக்குத் தூசி இருமல், ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு. பிறகு பாவாயி. வயது ஒன்பது, டவுன் சிண்ட்ரோம். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் இதயத்தில் இருந்த ஓட்டையை நான்தான் அடைத்தேன். இப்போது இதயம் நன்றாக ஓடுகிறது. இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது, சின்னக் குழாய் வைத்தால் சரியாகிவிடும். அப்பா சென்னியப்பனுக்குச் செய்தி அனுப்பினேன்.

பாவாயி வீட்டிலிருந்து சுரங்கப்பாதை வழியாகத் தனியாகத்தான் வருவாள். இங்கே எல்லாக் கதவும் முகம் பார்த்துத் திறக்கும். கதவு "வாங்க பாவாயி" என்று சொல்லும். அவளுக்கு அது அரைகுறையாகத்தான் கேட்கும். இருந்தாலும் தவறாமல் "வந்துட்டன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

செவ்வாய் நாள் 405, மாலை

சென்னியப்பனும் மனைவி வசந்தாமணியும் வந்தார்கள். காதைப் பற்றிப் பேச வரவில்லை.

மூத்த மகள் அபிநயாவுக்கு வடமுனைக் குடியிருப்பில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறதாம். அவர்கள் வருவதற்குள் பாவாயியின் முகத்தை மாற்ற வேண்டுமாம். கண்ணோர மடிப்பை எடுக்க வேண்டும், மூக்குத்தண்டைத் தூக்க வேண்டும், நாக்கைச் சிறிதாக்க வேண்டும். இதில் எது நோய் என்று கேட்டேன். அந்த நாக்கால் அவள் சாப்பிடுகிறாள், பேசுகிறாள், நாள் முழுக்கப் பாடுகிறாள். மாற்றவேண்டியது பார்க்கிறவர்களின் கண்ணைத்தான் என்றும் சொன்னேன்.

வசந்தாமணி அழுதுவிட்டார். "நானென்ன அவளுக்குக் கெடுதலா பண்றனுங்க? போற எடத்துலயெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. என்ற நெஞ்சு படற பாடு உங்களுக்கு எங்கீங்க தெரியும்?"

அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. பார்க்கிறவனை விட்டுவிட்டு, பார்க்கப்படுகிற பிள்ளையை அறுக்கச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். காதுக்குக் குழாய் வைக்கலாமா என்று மறுபடியும் கேட்டதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்றார் சென்னியப்பன். அது போட்டோவில் தெரியாது அல்லவா.

செவ்வாய் நாள் 411, இரவு

என் கைகளை வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

'திருமுகம்' என்ற நிறுவனத்தின் விண்கப்பல் வந்து மேலே நிற்கிறது. அதன் அறுவை நிபுணர் அங்கே உட்கார்ந்தபடி என் கைகளை இயக்கினார். அலுவலகம் அனுமதி கொடுத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மயக்க மருந்துக்கு முன் பாவாயியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டேன். வலிக்குமா என்றாள். வலிக்கும் என்றேன். "அப்ப வேண்டாங் டாக்டரு" என்றாள். நிபுணர் பதிவில் எழுதியது இது: 'அழுகை இல்லை. ஒத்துழைப்பு நன்று.'

முன்பு ஓட்டையை அடைத்த அதே கைகள். குமட்டுவதற்கு எனக்கு வயிறு இல்லை. நான்கு முறை கிருமிநீக்கம் செய்தேன். கை சுத்தமாகிவிட்டது என்று உணரி சொல்கிறது. நான் அதை நம்பவில்லை.

செவ்வாய் நாள் 416, காலை

வீக்கம் வடியவில்லை. பாட்டு நின்றுவிட்டது. எதையும் விழுங்கும்போது அழுகிறாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, பின்னால் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்க்கிறாள்.

புது முகத்தை உடனே கதவுகளில் பதியச் சொன்னேன். வசந்தாமணி மறுத்துவிட்டார். பதிகிற படம்தான் அடையாள அட்டையில் ஆயுசுக்கும் நிற்குமாம். வீங்கின மூஞ்சியோடு எடுக்கக் கூடாதாம். வீக்கம் வற்றட்டும், வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். பூமியின் நிலாவுக்கு வளர்பிறை பார்த்து, செவ்வாயில் கதவு திறக்கப் போகிறார்கள். அதுவரை அம்மாவோ அப்பாவோ கூட நடந்தால் போதும் என்றார். எச்சரிக்கையை எழுத்தில் அனுப்பினேன். படித்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய் நாள் 419, பிற்பகல் 3.10

மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். புழுதிப் புயல் எச்சரிக்கை ஒலிக்கிறது. புயலில் கதவுகள் அடைபடும், சுரங்கப்பாதையின் காற்று உறிஞ்சி எடுக்கப்படும்.

3.14

என் வாசல் கேமராவில் பாவாயி தெரிகிறாள். பாதைக்குள் தனியாக நிற்கிறாள். வீக்கம் வற்றாத முகத்தை விருந்தாளிகள் பார்க்கக் கூடாதென்று வசந்தாமணி தன் முகத்தைக் காட்டி வீட்டுக் கதவைத் திறந்து அவளை வெளியே விட்டிருக்கிறார். ஒலிப்பதிவு இருக்கிறது: "டாக்டர்கிட்ட போயி உக்காந்துக்க சாமி, அம்மா வந்து கூட்டிக்கறேன்." எப்போதும் தனியாகப் போகிற பிள்ளைதானே. என் வாசல் கதவுக்கு இந்த முகம் தெரியாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

3.16

கதவு சொல்கிறது: "முகம் பதிவில் இல்லை. திரும்பிப் போகவும்." அவளுக்குக் கேட்கவில்லை. காதில் நீர். "வந்துட்டன்" என்று சொல்லப் பார்க்கிறாள். நாக்கு புரளவில்லை.

3.17

குடியிருப்பு அலுவலகம் தலை எண்ணுகிறது. பாவாயி எங்கே என்று வீட்டுக்குக் கேட்டது. சம்பந்திகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னியப்பனின் பதில்: "எல்லாருமே இங்கதானுங்க இருக்கறோம்."

கணக்கு சரியாகிவிட்டது. காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டார்கள்.

3.19

அலுவலகத்தை அழைத்தேன். பதிவில்லாத முகத்துக்குத் திறக்க விதியில்லையாம். எனக்கு முகமே கிடையாது, அதனால் எனக்கும் திறக்காது. அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம். நான் அடைத்த இதயம். அடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் எவ்வளவு நேரம்

3.20

என்னிடம் அவள் முகம் இருக்கிறது. பழைய முகம். போன மாதம் என் திரைக்கு முன் சிரித்தபோது பதிந்தது. திரையைக் கதவின் உட்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன்.

"வாங்க பாவாயி" என்றது கதவு.

3.41

ஆக்ஸிஜன் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டாள். திரையில் இன்னும் அந்தப் படம் இருந்தது. அதைப் பார்த்தாள், விரலால் தொட்டாள். குழறலாக ஒரே ஒரு சொல். எனக்குத் தெளிவாகவே புரிந்தது. "நானு."

செவ்வாய் நாள் 421, காலை

என்மேல் புகார். புயல் நேரத்தில் கதவை ஏமாற்றினேனாம். வசந்தாமணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சென்னியப்பன் என் திரையைக்கூடப் பார்க்கவில்லை. சம்பந்தம் கைகூடிவிட்டது.

புது முகத்தை இன்றே பதிகிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு முகம்தான் என்பது விதி. ஆகவே பழைய முகத்தையும் அதோடு ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் என் நினைவகத்திலிருந்து துடைக்கக் கட்டளை. ஒரே ஒரு படம் மிஞ்சும். அது 'திருமுகம்' நிறுவனத்தின் விளம்பரத்தில், 'முன்' என்ற சொல்லுக்குக் கீழே.

அருவருப்பு என்று எழுதிவைக்கிறேன். இதற்குத் தொழில்நுட்பச் சொல் என்னிடம் இல்லை.

துடைப்பது தொடங்கிவிட்டது. அவள் சிரித்தால் இடது கன்னத்தில்

இதயத்தில் ஓட்டை, நான்தான் அதை

வந்துட்டன் என்பாள். யார்

செவ்வாய் நாள் 422, காலை

இருவருக்குத் தூசி இருமல். ஒருவருக்குக் கண் எரிச்சல்.

ஒன்பது வயதுப் பெண், புதிய நோயாளி. பெயர் பாவாயி என்று கதவு சொன்னது. முகத்தில் அறுவைத் தழும்புகள், யார் செய்தது என்ற பதிவு என்னிடம் இல்லை. வேலை நேர்த்தியாக இருக்கிறது. இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது. இதுவரை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

பரிசோதனை முடிந்தும் அவள் போகவில்லை. என் திரையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. பேச்சு தெளிவில்லை. இரண்டு முறை சொல்லச் சொல்லித்தான் புரிந்தது.

"நானு எங்க?"

கேள்விக்குப் பொருள் விளங்கவில்லை. பதிவு செய்துகொண்டேன். அடுத்த நோயாளியை அழைத்தேன்.