பதினான்காம் கேள்வி

விழுப்புரம்,
5-9-1961

அன்புள்ள சூசை மேரிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. திண்டிவனத்தில் மழை, விடுதியில் கொசு என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், "வெள்ளிக்கிழமை மெட்ராஸ் டீச்சர் அதே கேள்வித்தாளோட வர்றாங்க. இந்தத் தடவை எல்லாத்துக்கும் இல்லைன்னு போடப் போறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

மாணவிகளின் மனக்கஷ்டத்தை அந்தக் கேள்விகள் சரியாகக் கண்டுபிடிக்கின்றனவா என்று சோதிக்கத்தான் போன முறையும் வந்தார். நான் அதைப் பரீட்சை என்று பயந்து, வழக்கம்போல் உன்னைப் பார்த்து எழுதினேன். "ரெண்டு பேரும் அப்படியே ஒண்ணா எழுதியிருக்கீங்களே, யாரைப் பாத்து யாரும்மா எழுதுனது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே, "தமாஷுக்கு எழுதிக்கினு இருந்தோம் டீச்சர்" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. நம் இருவர் தாளையும் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்.

காலையில் எழுந்திருக்கவே கூடாது என்று தோன்றுகிறதா என்பது பதினான்காம் கேள்வி. அதற்கு 'அடிக்கடி' என்று எழுதும்போது உன் பேனா நின்று நின்று போனது. தமாஷுக்கு எழுதுகிறவள் அப்படி எழுதமாட்டாள்.

அம்மாவுக்கு முடியாமல் நான் படிப்பை விட்டு வந்த பிறகு, உன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்?

கேள்வித்தாளின் அடியில் இருந்த டீச்சரின் விலாசத்துக்கு இன்று கவர் போட்டுவிட்டேன். பார்த்து எழுதியவள் நான், நீ எழுதியது நிஜம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். கோபித்துக்கொள். திட்டியாவது ஒரு கடிதம் எழுது. சனிக்கிழமையிலிருந்து தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பேன்.

உன் பெஞ்சுக்காரி