பன்னிரண்டு கை உப்பு

1938 யூலை 28

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சர் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார். ஓகஸ்ட் விடுமுறையில் என் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வல்வெட்டித்துறைக்குக் கூட்டிப்போய் ஆறு நாள் முகாம் நடத்தலாம். கடற்கரையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கப் போகிறோம். சமையற்காரி வேண்டாம் என்றேன். "தங்கடை காரியத்தைத் தாங்களே பாக்கிற பெட்டையளாய்க் கொண்டு வாறன்."

"அதுக்கு முதல் நீ வாயை அடக்கப் பழகு, பாலேஸ்வரி" என்றார். எனக்குக் கோபம். உண்மையைச் சொன்னால் கோபம் வராதா?

யூலை 31

சண்டிலிப்பாயில் வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பன்மாரிடம் கேட்டேன். மகாதேவி வீட்டில்தான் மனம் நொந்தது. கணக்கில் வகுப்பிலேயே முதல், கதைப்பதில் கடைசி. தகப்பன் தியாகராசா தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டே சொன்னார்: "கூட்டிக்கொண்டு போங்கோ ரீச்சர். உதோடை படிப்புக்கும் ஒரு கும்பிடு. தோட்டத்துக்கு ஆள் வேணும், இனி அனுப்பமாட்டன்."

ஆசிரியப் பயிற்சிக்குப் போகவேண்டிய பிள்ளை! கிணற்றுத் துலாவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முகாமில் அவளைத் தலைவியாக்கிக் காட்டினால் இந்த மனுசன் மனம் மாறாதா?

ஓகஸ்ட் 8

வந்து சேர்ந்தோம். தலைவியாக இருக்கிறாயா என்று மகாதேவியைக் கேட்டேன். நிலத்தைப் பார்த்தாள். என் பொறுமை ஒரு நிமிடம்தான். குரல் பெரிது என்று குணலட்சுமியைத் தலைவியாக்கிவிட்டேன்.

ஓகஸ்ட் 9

பன்னிரண்டு அடுப்பு!

மற்றவள் சமைத்ததை வாயில் வைக்காதே என்று ஒவ்வொரு தாயும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு சட்டி, ஒரு செம்பு, ஒரு அரிசி முடிச்சு. முற்றம் முழுக்கப் புகை. மூன்று மணிக்குத்தான் சோறு, அதுவும் பாதிதான் வெந்திருந்தது. குணலட்சுமி எல்லோரையும் அதட்டினாள், நான் குணலட்சுமியை அதட்டினேன், அவள் அழுதாள், அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் "வீட்டை போகப்போறம்" என்று அழுதார்கள். வண்டி அனுப்பச் சொல்லிப் பெரிய ரீச்சருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் தபாலில் போடவேண்டும். வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 10

கடிதம் போகவில்லை.

காலையில் மகாதேவி வந்து நின்றாள். "ரீச்சர், கோவிக்கப்படாது... இண்டைக்கு மட்டும் நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருப்பியளோ?"

என்னிடமா கேட்கிறாள் என்று பார்த்தேன். என்னிடம்தான். சரி என்றேன்.

கூழ் காய்ச்சுவோம் என்றாள். நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியிருப்பதால் எல்லோருக்கும் மரக்கறிதான், அதுவும் வசதி. ஒருத்தியிடம் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, இன்னொருத்தியிடம் பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, புளி. "எல்லாரும் தங்கடை கையாலை போடுங்கோ. பிறகு அது ஆரின்ரை சமையல்?" முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. யாருடைய செம்பும் வேண்டாம், குடிக்கப் பச்சைப் பனையோலையில் பிளா மடிப்போம் என்றாள். அகப்பையைக் குணலட்சுமியிடம் கொடுத்து, "நீதான் எல்லாருக்கும் வார்க்கவேணும்" என்றாள். முகம் வீங்கி உட்கார்ந்திருந்தவள் துள்ளி எழும்பினாள். எனக்கு இது தோன்றவில்லையே.

ஆனால், பன்னிரண்டு பேரும் தங்கள் தங்கள் கையால் உப்பையும் போட்டுவிட்டார்கள்! நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏழாவது கை வரை எண்ணினேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இருந்தேன்.

குணலட்சுமி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். எல்லோரும் மகாதேவியைப் பார்த்தார்கள். இனி அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "என்ரை பிழைதான். உப்புக்கு ஒராளை விட்டிருக்கவேணும். தண்ணியும் மாவும் கொண்டாங்கோ." விட்டார்கள், இன்னும் விட்டார்கள், பானை வழிந்தது. இனி இதைக் குடித்து முடிக்க நாங்கள் போதாது. அவளே வேலிக்கு அப்பால் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கமுத்து அக்காவையும் கூட நின்ற பெண்களையும் கூப்பிட்டாள்.

"கடல் தண்ணியிலையோ பிள்ளையள் காய்ச்சினியள்?" என்று கேட்டுக் கேட்டே தங்கமுத்து அக்கா மூன்று பிளா குடித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எவளுக்கும் தாய் சொல்லி அனுப்பியது நினைவில்லை. என் கண் கலங்கியதற்குப் புகைதான் காரணம் என்று சொன்னேன்.

ஓகஸ்ட் 11

ஒரே அடுப்பு. உப்புக்கு ஒராள், தினம் முறை மாறுகிறது. குணலட்சுமி தானாகவே வந்து, "ரீச்சர், தலைவியாய் மகாதேவியை வையுங்கோ, நான் கூட நிக்கிறன்" என்றாள். கட்டிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 13

மகளைக் கூட்டிப்போகத் தியாகராசா வண்டியோடு வந்தார். அவருக்குச் சொல்ல நான்கு நாளாகப் பேச்சுத் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன். "நான் கதைக்கிறன், ரீச்சர்" என்றாள் மகாதேவி. வண்டிச் சில்லடியில் தகப்பனோடு நின்று மெதுவாகக் கதைத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் கேட்டது: "பாப்பம்."

பாப்பமாம்! எத்தனை பேருடைய பாப்பத்தைப் பார்த்துவிட்டேன்.

செப்ரெம்பர் 5

பள்ளிக்கூடம் தொடங்கியது. அவள் இடம் வெறுமை.

செப்ரெம்பர் 8

இன்றும் இல்லை. அன்றைக்கு நானே கதைத்திருக்கவேண்டும். ஏன் வாயை மூடினேன்?

செப்ரெம்பர் 12

வந்துவிட்டாள்! பாவாடைக் கரையில் தோட்டத்துச் செம்மண். "தண்ணி இறைக்கத் தம்பிமாருக்கும் எனக்கும் முறை போட்டனான். ஒரு கிழமை பிழையில்லாமல் நடந்தால் விடுறன் எண்டு ஐயா சொன்னவர். நடத்திக் காட்டிப்போட்டன்."

நான் கதைத்திருந்தால் ஐயாவும் நானும் சண்டை பிடித்திருப்போம். அவ்வளவுதான்.

1944 ஓகஸ்ட் 19

சாவகச்சேரிக்குப் போய் வந்தேன். மகாதேவி ரீச்சர் அங்கே முப்பது பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறாள். உலகச் சண்டையால் அரிசிக்குத் தட்டுப்பாடு, ஆகவே கூழ். பானையடியில் நின்ற சின்னப்பெண் ஒருத்தி உப்பைக் கையில் வைத்துக்கொண்டு பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அள்ளியது மிக அதிகம், எனக்கே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். மகாதேவி என் கையை மெல்லப் பிடித்தாள். மறு கையால் தன் சேலைத் தலைப்பை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

கூழ் நல்ல உப்பு. மூன்று பிளா குடித்தேன்.