நான்கு மணிக்குக் கோபுரத்தடியில்

செவ்வாய், காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, கடைத்தெருவைக் கண்டால் வலிப்பதில்லை. என் வலது கண்ணில் புரை வளர்வதாக டாக்டர் சொன்னார். அவசரமில்லையாம். நீ அனுப்பிய வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. வருடத்துக்கு இரண்டு அட்டை தவறாமல் வருகிறது. குறை சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் நாங்கள் ஐந்து பேர் பெருநகரத்தைச் சுற்றிப்பார்க்கப் போகிறோம். உன் மாமா, மாமி, அவர்கள் பெண் பாப்பா, நாங்கள் இருவர். பாப்பாவுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது, இன்னும் எல்லோருக்கும் பாப்பாதான். மணிக்கூண்டு, அருங்காட்சியகம், பழைய அரண்மனை, ஆற்றுப் படகு, கடைசியாக உயரமான கோபுரம். உன் மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து, மேசை நிறையச் சுற்றுலாப் படப்புத்தகங்களைப் பரப்பி, வழக்கமான குரலில் விளக்கினார். அவரை நான் மனசுக்குள் ஒலிபெருக்கி என்று கூப்பிடுவது உனக்கு மட்டும் தெரியும்.

ஊர் பார்ப்பது வெளிக்காரணம். கப்பலில் இன்ஜினியராக இருக்கும் ஒரு பையனைப் பாப்பாவுக்குப் பார்த்திருக்கிறார்கள். அவன் குடும்பம் அந்த நகரத்தில். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு, கோபுரத்தின் அடியில் இரு வீட்டாரும் சந்தித்து, சேர்ந்து மேலே ஏறிப் பார்ப்பதாக ஏற்பாடு. கோபுரத்துக்கு நேரம் குறித்த அனுமதிச்சீட்டு. நான்கு மணிச் சீட்டு என்றால் நான்கு மணிக்குத்தான் விடுவார்கள். பையன் அன்று ஆறு மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும், கப்பல் ஏறினால் எட்டு மாதம் கழித்துத்தான் கரை. பையனின் அப்பா மயக்க மருந்து டாக்டர், ஒரு நிமிடம் பிந்தினால் எழுந்து போய்விடுகிறவராம். பாப்பா என் காதருகே வந்து, "லேட்டாப் போனா என்னையும் மயக்கிப் படுக்கவெச்சிடுவாரு மாமா" என்றாள். நல்ல பெண்.

பயணத்திட்டம் போடும் வேலை எனக்கு. "அத்தான், அத்தனை ரயிலையும் நேரத்துக்கு ஓட்டினவரு நீங்க. எங்க அஞ்சு பேரை ஓட்ட மாட்டீங்களா?" என்று உன் மாமா முதுகில் தட்டினார். நான் எந்த ரயிலையும் ஓட்டவில்லை. முப்பத்தாறு வருடம் ரயில் கால அட்டவணை தயாரித்தேன். திருத்தாமல் சிரித்துவைத்தேன்.

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், உன்னைப் பெண் கேட்க வருவதாகச் சொன்ன மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வரவில்லை என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் வந்தார். நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அக்காவையும் அக்கா கணவரையும் கூட்டிக்கொண்டு மூன்றரைக்கே வந்துவிட்டார். நீயும் அம்மாவும் தையல்காரரிடம் போயிருந்தீர்கள். வாசல் கேட்டில் உன் மாமா நின்றுகொண்டிருந்தார். "பொண்ணுக்கு இஷ்டம் இல்லைங்க. நேர்ல சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டுதான் வெளிய போயிட்டா. மன்னிச்சிடுங்க" என்றார். உன் மாமா தான் வேலை பார்த்த டைல்ஸ் கம்பெனியின் முதலாளி மகனுக்கு உன்னைக் கொடுக்கத் திட்டம் வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். கையில் நான் திருத்திக்கொண்டிருந்த கோடைக்கால ரயில் அட்டவணையின் அச்சுப்படி. ஒரு பத்தி பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். முடித்தபோது கேட் சாத்தும் சத்தம் கேட்டது. உன் மாமா உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "யாரும் வரல, இல்லியா அத்தான்?" என்றார். "ஆமாம், வரவில்லை" என்றேன்.

நீ புதுத்துணியோடு ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தாய். போய் ஏன் வரவில்லை என்று கேட்கிற பெண் நீ இல்லை. அது உன் மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு மாதத்தில் வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய்.

இப்போது அதே மனிதர், அதே நான்கு மணிக்கு, தன் பெண்ணுக்காக, என்னிடம் நேரம் குறித்துக் கேட்கிறார். எனக்குச் சத்தம் போடத் தெரியாது, அடிக்கத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். ஒரு வண்டி இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஓட இருபது நிமிடம் பிடிக்கும் என்றால் அட்டவணையில் இருபத்திரண்டு போடுவோம். அந்த இரண்டை எங்கள் அலுவலகத்தில் மூச்சு நிமிடம் என்போம். பயணிகளுக்கு அது கண்ணில் படாது. அது இருப்பதால்தான் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும்.

மூன்றாம் நாளில் மூச்சு நிமிடம் ஒன்றுகூட வைக்கவில்லை. அதோடு, இரண்டரை மணிப் படகைச் சேர்த்திருக்கிறேன். கோபுரத்துக்குப் பக்கத்துத் துறையில் ஏற்றிக்கொள்ளும். ஆனால் பிற்பகல் படகுகள் ஏறிய இடத்தில் இறக்குவதில்லை, எதிர்க்கரையில் இறக்கும். படப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. உன் மாமா பொடி எழுத்துப் படிக்கிறவர் இல்லை.

இது சரியா தெரியவில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. திட்டத்தை மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


வியாழன், பிற்பகல்

அன்பு மகளுக்கு,

போன வாரம் ஊர் திரும்பினோம். இருவரும் சுகம் என்று போன கடிதத்தில் எழுதியதை இந்தத் தடவை எழுத முடியவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

கிளம்பும் நாள் வரை தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆட்சேபனை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன் என்பதே சரி.

முதல் இரண்டு நாளும் திட்டப்படி ஒரு நிமிடம் பிசகாமல் நடந்தன. மணிக்கூண்டில் உன் மாமா காவலாளியிடம், "எங்க அத்தான் வாட்சைப் பார்த்து உங்க கடிகாரத்தைத் திருத்திக்குங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். அரண்மனையில் ராஜா படுத்த கட்டிலைப் பார்த்து, "எங்க டைல்ஸ் ஷோரூமைவிடச் சின்ன ரூம்" என்றார். அம்மாவும் மாமியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். அவர்கள் இருவரையும் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் நான் பையிலிருந்த திட்டக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மாற்றவில்லை.

மூன்றாம் நாள் பாப்பா இளநீல உடையில் வந்தாள். அருங்காட்சியகத்தில் எதையும் பார்க்கவில்லை, கண்ணாடிப் பெட்டிகளில் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்தாள். இரண்டரைக்குப் படகு ஏறினோம். உன் மாமா மேல்தட்டில் நின்று எதிரே வந்த படகுகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தார். மூன்றரைக்குப் படகு எதிர்க்கரையில் நின்றபோது, "ஏம்ப்பா, இன்னும் ரவுண்டு முடியலியே?" என்று படகுக்காரரிடம் கேட்டார். "இதான் சார் கடைசித் துறை. இறங்குங்க" என்றார் அவர். அங்கிருந்து பாலம் சுற்றிப் பேருந்தில் போக, கூட்டமில்லாத நேரத்திலேயே ஐம்பது நிமிடம். அது கூட்ட நேரம். வாடகைக் கார் ஒன்றும் நிற்கவில்லை. நிற்காது என்பதையும் நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

உன் மாமா டாக்டரை ஃபோனில் கூப்பிட்டு, "இதோ வந்துட்டோம், ரெண்டே நிமிஷம்" என்றார். பேருந்தில் ஏறியதும் மறுபடி இரண்டு நிமிடம். பாலத்தில் வண்டி நின்றபோது மறுபடி இரண்டு நிமிடம். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் பின் இருக்கையில் இருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு இனித்தது. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆறாவது தடவை கூப்பிட்டபோது டாக்டர் சொன்னது பின்னால் வரை கேட்டது. "ரெண்டு நிமிஷம்னு ஆறு வாட்டி சொல்லிட்டீங்க. பையன் கிளம்பிட்டான். நாங்களும் கிளம்பறோம். இது வேண்டாம், விட்டுடுங்க."

கோபுரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கு முன்னால் உன் மாமா பாப்பாவின் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்னாலதான். படகு, படகுன்னு குதிச்சியே! ஒரு வரனை உருப்படியா வரவெக்கத் துப்பில்ல உனக்கு. ராசி கெட்டது!" என்று கத்தினார். பாப்பா படகைக் கேட்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கணக்குப் போட்டபோது இந்த ஒன்றை விட்டுவிட்டேன். அவமானம் அவருக்கு வரும் என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். அவர் அதை அங்கேயே வாங்கிப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டார்.

"பாப்பாவைத் திட்டாதீங்க. படகு என் வேலை. தெரிஞ்சேதான் போட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. உன் மாமா சிரித்தார். "சும்மா இருங்க அத்தான். உங்களுக்கு வயசாயிடுச்சு, தப்பு நடந்துபோச்சு. அவளைக் காப்பாத்தறதுக்காகப் பழியை இழுத்துப் போட்டுக்காதீங்க" என்றார். நான் கெட்டது செய்யக்கூடியவன் என்பதை நம்பவே மாட்டேன் என்றார். அப்புறம்தான் வாசல் கேட்டைச் சொன்னேன், மூன்றரை மணியைச் சொன்னேன், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எந்தக் கண்ணாடிக்காரன்?" என்றார்.

நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தை நன்றாகப் பார்த்தேன். நடிப்பு இல்லை. சுத்தமாக நினைவில்லை. உன் வாழ்க்கையை மாற்றிய ஒரு பிற்பகல் அவருக்குத் தண்ணீர் குடித்தது போல நடந்து முடிந்திருக்கிறது. மறந்துபோனவனை என்ன செய்து பழி தீர்ப்பது?

பதில் சொன்னது அம்மா. அவளுக்கு இத்தனை நாளும் எதுவும் தெரியாது. அந்தக் கண்ணாடிக்காரரை நேரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள். தம்பியின் முன்னால் போய் நின்று, "உனக்கு ஞாபகம் இல்லாட்டிப் பரவாயில்ல. எனக்கு இனிமே இருக்கும். என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றாள். அவர் வாய் திறந்தபடி நின்றது. ஒலிபெருக்கியில் சத்தம் வராமல் போனதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள். ஜன்னலுக்குப் பின்னால் என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றுமே கேட்கவில்லை.

மறுநாள் காலை ஹோட்டல் தாழ்வாரத்தில் பாப்பா என்னிடம் வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "ஃபோட்டோவுல பார்த்தப்பவே எனக்கு அவரைப் பிடிச்சிருந்தது மாமா. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றாள்.

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். மெதுவாக யோசிக்கலாம், ஊர் திரும்பி ஒரு கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. உடனே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். தெரியாத நகரத்தில் இரண்டு பேருந்து மாறி, நாலு பேரிடம் வழி கேட்டு, டாக்டர் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். பிந்தியது அந்தக் குடும்பத்தின் பழக்கம் இல்லை, ஒரு கிழவன் பழி வாங்கச் செய்த வேலை, பெண்ணுக்கு இதில் பங்கில்லை என்றேன். "இதை ஏன் நீங்களே வந்து சொல்றீங்க?" என்றார் அவர். முன்பு ஒரு தடவை சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். பையன் அடுத்த துறைமுகத்திலிருந்து பேசும்போது பாப்பாவின் நம்பரைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியாது.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் மாமாவிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவர் தினமும் காலையில் என்னைக் கூப்பிடுகிறார், நான் எடுப்பதில்லை. வரன் போயிற்று, அக்கா போனாள் என்று தூக்கமில்லாமல் இருக்கிறாராம். இருக்கட்டும். கேட்டில் நின்று என்ன சொன்னோம் என்பது அவருக்கே நினைவு வருகிற வரைக்கும் இருக்கட்டும். இந்த வயதில் இப்படி எழுதுகிறேனே என்று நீ நினைக்கலாம். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

அம்மா உன் பழைய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். சாப்பாடு மேசையில் இருக்கிறது, மாத்திரை தட்டின் பக்கத்தில் இருக்கிறது, ஆள் மட்டும் எதிரே இருப்பதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

உன் மாமாவை மன்னிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நானே மன்னிக்கவில்லை. அவருக்கு என்ன தண்டனை என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவனுக்கு என்ன என்பதை நீதான் சொல்ல வேண்டும். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி. அட்டையில் எழுதிப் போட்டுவிடாதே, மகளே. நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா